வளரும் உடலுக்கு ஒரு கணக்கேடு

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பர். ஆனால், அச்சுவர் எழும்பும் விதத்தை அளந்து பார்ப்போர் சிலரே. பிரான்சு நாட்டின் மோன்பெயார் 1759 முதல் 1777 வரை தம் மகனின் உயரத்தைத் தொடர்ந்து குறித்து வந்தார். வளர்ச்சியின் வேகம் ஒரே சீராக இருப்பதில்லை என்பதை அக்குறிப்புகள் உணர்த்தின.

இன்று அப்பணிக்கு ஏற்ற இடம் பள்ளி விளையாட்டுத் திடலே. 2019இல் வந்த ‘கேலோ இந்தியா’ உடற்தகுதி மதிப்பீட்டில், நான்காம் வகுப்பு முதல் உயரம், எடை, 50 மீட்டர் விரைவோட்டம், 600 மீட்டர் ஓட்டம் முதலியவற்றை அளக்கும் முறை வகுக்கப்பட்டுள்ளது. உயரமும் எடையும் உடலின் அளவைக் கூறும். நெடுந்தூர ஓட்டம் இதயம், நுரையீரல், தசை ஆகியவற்றின் திறனைக் கூறும்.

பத்து வயதுச் சிறுவன் ஒருவன் 140 செ.மீ. உயரமும் 30 கிலோ எடையும் உடையவன் எனக் கொள்வோம். எடையை, மீட்டரில் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 15.3 கிடைக்கும். பெரியவர்களுக்குரிய 18.5 என்ற எல்லையைக் கொண்டு அவனை மெலிந்தவன் எனல் தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டுப் பட்டியலின்படி அவன் இயல்பானவனே. ஆயினும், அடுத்த பருவத்தில் எடை குறைந்து ஓட்டமும் தளர்ந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஓர் அளவு நிலையைக் காட்டும். அடுத்த அளவே வளர்ச்சியைக் காட்டும்.

நம் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதிக்கு இது மிகவும் பொருந்தும். தொழிற்சாலை வேலை தேடிப் பல மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் இங்கு வருகின்றன. பெற்றோர் வேலை மாறினால் பிள்ளை பள்ளி மாறும். முதல் அளவு பழைய பள்ளியிலேயே தங்கிவிட்டால், புதிய ஆசிரியர் எதனோடு ஒப்பிடுவார்? மாற்றுச் சான்றிதழோடு அவ்வளவுகளும் செல்லட்டும். அதற்கு முன், உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குப் பாடத்திற்குக் கடன் கொடுக்கும் வழக்கம் ஒழியட்டும்!