பத்து மணிக்கு விளக்கை அணையுங்கள்!

பரீட்சைக் காலம் வந்துவிட்டால், எங்கள் காரைக்குடியில் எந்தத் தெருவில் போனாலும் விடியற்காலை நாலு மணிக்கே ஜன்னல்களில் வெளிச்சம் தெரியும். பால்காரர் வருவதற்கு முன்னாலேயே அம்மாக்கள் நாங்கள் எழுந்து டீ போட்டுக்கொண்டிருப்போம். 1947-ல் வள்ளல் அழகப்பர் கல்லூரி ஆரம்பித்த நாளிலிருந்து இது படிப்பு ஊர். அதில் எங்களுக்குப் பெருமைதான். ஆனால் அந்த நாலு மணி டீயைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

என் மூத்த பையன் ப்ளஸ் டூ படித்த வருஷம் அது. ட்யூஷன் முடிந்து வீடு வர ஒன்பதரை ஆகிவிடும். சாப்பிட்டுவிட்டுப் பன்னிரண்டு மணி வரை படிப்பான். நாலரைக்கு நான் போய் எழுப்புவேன். முகத்தில் தண்ணீர்கூடத் தெளித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் கை கூசுகிறது. அவன் புத்தகத்தின் மேல் சாய்ந்து கண்ணயர்ந்தால், ஏதோ நான் கடமையில் தவறிவிட்ட மாதிரி மனசு பதறும்.

அரையாண்டுப் பரீட்சையில் இயற்பியல் எழுதிவிட்டு வந்தவன், "எல்லாம் படிச்சதுதாம்மா. எந்தப் பக்கத்திலே இருக்குன்னுகூடத் தெரியுது. ஆனா வர மாட்டேங்குது" என்றான். அப்புறம் சரியாகச் சாப்பிடவில்லை. தலைவலி என்பான். தங்கச்சி மேல் எரிந்து விழுவான். ஒருநாள் ராத்திரி வளவில் பாய் விரித்துக்கொண்டிருக்கும்போது மெதுவாகக் கேட்டான்: "நான் ஃபெயிலாயிட்டா நீங்கள்லாம் என்கூடப் பேசுவீங்களா?"

எனக்கு அன்றைக்கு முழுக்கத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். ஏதாவது டானிக் எழுதிக் கொடுப்பார் என்று நினைத்தேன். அவரோ, "தம்பி எத்தனை மணி நேரம் தூங்குது?" என்று என்னைத்தான் கேட்டார். நாலரை மணி நேரம் என்று சொல்ல எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. 13 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு 8-லிருந்து 10 மணி நேரத் தூக்கம் வேண்டுமாம்!

அதற்கப்புறம் இதைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பகலில் படிப்பது தூக்கத்தில்தான் மூளையில் ஊன்றுகிறது. 1924-லேயே அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்களை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்யச் சொல்லி, ஒரு தடவை தூங்க விட்டும், ஒரு தடவை விழித்திருக்க விட்டும், திருப்பிக் கேட்டார்கள். தூங்கி எழுந்தபோதுதான் அதிகம் நினைவிருந்தது.

இன்னொரு விஷயம். பதின்வயதில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் பின்தங்கி ஓடுகிறது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலட்டோனின் என்ற சுரப்பு அந்த வயதில் ராத்திரி தாமதமாகத்தான் ஊறும். சீக்கிரம் படுத்தாலும் தூக்கம் வராமல் புரள்வது சோம்பேறித்தனம் இல்லை. கனவு காணும் தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம். மனசின் படபடப்பை ஆற்றுவதில் அதற்குப் பங்குண்டு. நாம் நாலு மணிக்குத் தட்டி எழுப்புவது சரியாக அதைத்தான் வெட்டுகிறது.

2016-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரத்தை 7.50-லிருந்து 8.45-க்குத் தள்ளி வைத்தார்கள். பிள்ளைகள் தினம் 34 நிமிஷம் கூடுதலாகத் தூங்கினார்கள். ஆராய்ந்து பார்த்த வகுப்புகளில் மதிப்பெண்ணும் 4.5 சதவீதம் கூடியிருந்தது. 2019-ல் எம்.ஐ.டி.யில் 88 மாணவர்களின் கையில் பட்டை கட்டிப் பார்த்ததில், பரீட்சைக்கு முந்தின ஒரு ராத்திரி மட்டும் நன்றாகத் தூங்கியதால் பலன் எதுவும் தெரியவில்லை. மாதக் கணக்கில் ஒழுங்காகத் தூங்கியவர்களே நல்ல மார்க் வாங்கினார்கள். ஆகவே ஹால் டிக்கெட் வந்த பிறகு ஆரம்பித்தால் போதாது, சகோதரிகளே.

எங்கள் வீட்டில் என்ன செய்தோம்? ஒரு ட்யூஷனை நிறுத்தினோம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் டீ, காபி கிடையாது, ராத்திரி பால்தான். போன் எல்லாம் (என்னுடையதும் சேர்த்துத்தான்!) அடுப்படியில் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில். பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, காலை ஆறு மணிக்கு எழுப்பினேன். முதல் வாரம் என் வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமியாரோ, "நாங்கள்லாம் நாலு மணிக்கே எந்திரிச்சு வளர்ந்தவுக" என்றார். "நீங்க எட்டு மணிக்கே படுத்துருவீகளே அயித்தை" என்றேன். அதற்குப் பதில் வரவில்லை.

தூக்கத்தைச் சரிசெய்தால் எல்லாமே சரியாகிவிடும் என்று சொல்லமாட்டேன். சில சமயம் தூக்கம் கெடுவதே மனசு கெட்டிருப்பதற்கு அடையாளம். இரண்டு வாரத்துக்கு மேல் பிள்ளை சாப்பிடாமல், பேசாமல், "நான் இருந்து என்ன" என்கிற மாதிரிப் பேசினால், பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். 2022 அக்டோபரில் ஆரம்பித்த டெலி மானஸ் உதவி எண் 14416. ராத்திரி பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். 104-க்கும் பேசலாம்.

பொதுத் தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நம் அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. ஆனால் கல்யாண வீட்டுப் பந்தியில் நிறுத்தவில்லையே! "என்ன ஆச்சி, பிள்ளை எத்தனை மார்க்?" என்பதுதான் முதல் கேள்வி. நானும் கேட்டவள்தான். இப்போது கேட்பதில்லை.

அவன் கடைசியில் வாங்கிய மார்க் நாங்கள் ஆசைப்பட்டதைவிடக் குறைவுதான். ஆனால் இயற்பியலில் அரையாண்டில் விட்டதையெல்லாம் எழுதிவிட்டு வந்தான், சிரித்துக்கொண்டே வந்தான். இப்போது திருச்சியில் கல்லூரியில் படிக்கிறான். போன பொங்கல் லீவுக்கு வந்தவன், ஆத்தங்குடிக் கல் தரையில் குளிர்ச்சியாகப் படுத்து எட்டு மணி வரை தூங்கினான். நான் அடுப்படியில் பாத்திரத்தை நங்கென்று வைத்தேன்.

"மெதுவாத்தா, பிள்ளை தூங்குது" என்றார் மாமியார்.