ஒதுங்கி நிற்கக் கற்கும் பெரியவர்கள்

சாரணர் முகாமில் ஒரு பையன் கூடாரக் கயிற்றைத் தப்பாகக் கட்டுகிறான். பக்கத்தில் நிற்கும் பெரியவருக்குக் கை துறுதுறுக்கிறது. வாங்கி அவரே கட்டினால் நொடியில் வேலை முடியும். ஆனால் பையன் எதையும் கற்றிருக்க மாட்டான். அந்தக் கையை அடக்கப் பெரியவர்களுக்குக் கற்றுத்தரும் பயிற்சி ஒன்று நூறாண்டுக்கு மேலாக நடந்துவருகிறது. அதன் பெயர் உட் பேட்ஜ்.

1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் 20 சிறுவர்களை வைத்து, சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் சோதனை முகாம் நடத்தினார். அடுத்த ஆண்டு சாரணர் பயிற்சி பற்றிய அவருடைய நூல் வெளியானதும் சிறுவர்கள் தாங்களாகவே குழு சேர்ந்தார்கள். வழிநடத்தத்தான் ஆள் போதவில்லை. முதல் உலகப் போர் இருந்தவர்களிலும் பலரைக் கொண்டுபோனது. 1919-இல் மக்லாரன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பணம் கொடுக்க, லண்டனை அடுத்த எப்பிங் காட்டோரம் கில்வெல் பூங்கா வாங்கப்பட்டது. அந்த செப்டம்பரிலேயே பிரான்சிஸ் கிட்னியின் பொறுப்பில் முதல் பயிற்சி அங்கே தொடங்கியது.

பயிற்சிக்கு வருகிறவர் எத்தனை பெரிய பதவியில் இருந்தாலும் அங்கே ஒரு சாரணச் சிறுவன்தான். சிறு அணிகளாகப் பிரிந்து, கூடாரம் அடித்து, விறகு பொறுக்கிச் சமைத்து, காலையில் துப்புரவுச் சோதனைக்கு வரிசையில் நிற்க வேண்டும். அணித் தலைமை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறும். நேற்று உத்தரவிட்டவர் இன்று கேட்டு நடப்பார். தன் யோசனையைத் தலைவர் காதில் போட்டுக்கொள்ளாதபோது வரும் எரிச்சலை அனுபவித்தவருக்குத்தான், சிறுவனின் பேச்சை இடைமறிப்பது என்ன செய்யும் என்று தெரியும். எந்த விரிவுரையாலும் இதைப் புகட்ட முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முகாம் முடிந்ததும் சின்னம் கிடைத்துவிடாது. ஊர் திரும்பித் தன் குழுவில் கற்றதைச் செய்துகாட்டிய பிறகே, தோல்வாரில் கோத்த இரண்டு மரமணிகள் கழுத்தில் ஏறும். 1888-இல் ஜூலுலாந்துப் போரின்போது பேடன் பவல் கைக்கு வந்த மணிமாலையிலிருந்து எடுத்தவை முதல் மணிகள். பின்னர் அவற்றைப் போலவே செய்து கொடுத்தார்கள்.

இந்தியாவில் இதற்கு ஹிமாலய உட் பேட்ஜ் என்று பெயர். பாரத சாரணர் இயக்கத்தின் தேசியப் பயிற்சி மையம் மத்தியப் பிரதேசத்துப் பச்மரியில் இருக்கிறது. நம் ஊரில் சாரண ஆசிரியர்கள் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்களே. வகுப்பில் பேசிப் பழகிய அவர்களுக்குப் பேசாமல் இருப்பதுதான் கடினமான பாடம். பொறுப்பை அணித் தலைவனிடம் விட்டுவிட்டு, ஆபத்து என்றால் மட்டும் குறுக்கிட வேண்டும்.

எது ஆபத்து என்று அறிவதும் இன்று பயிற்சியின் பாதி. அமெரிக்க சாரணர் அமைப்பு 2020 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக 80,000-க்கும் மேற்பட்டோர் அந்த வழக்கில் முறையிட்டார்கள். குழந்தைகள் மேல் அக்கறை உள்ளவர் போல் வந்த எல்லோரையும் நம்பியதன் விலை அது. அங்கே இப்போது குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி முடிக்காத பெரியவருக்கு இடமில்லை. ஒரு சிறுவனோடு எந்தப் பெரியவரும் தனித்திருக்கக் கூடாது. தனியாகப் பேச வேண்டியிருந்தாலும் மற்றவர் கண்ணில் படும் இடத்தில்தான் பேச வேண்டும். ‘சேவை செய்ய வந்த என்னையே சந்தேகப்படுவதா?’ என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அப்படிப்பட்டவரிடம் எந்தக் குழுவையும் ஒப்படைக்காமல் இருப்பதே சரி.