உங்களுக்குத் தெரியுமா? பவழத்தோடு வந்த யூதர்கள்

சென்னைக்கு ஒரு குடிபெயர்வுக் கதை உண்டு. இந்தக் கதையின் யூதர்கள் வந்தது கடல் வழியாக.

17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியப் பூர்வீகம் கொண்ட யூத வணிகர்கள் லண்டனிலிருந்து மதராசில் குடியேறினார்கள். மத்தியதரைக் கடலின் சிவப்புப் பவழத்தைக் கொண்டுவந்து விற்று, கோல்கொண்டா வைரத்தை வாங்கி அனுப்புவதுதான் அவர்களுடைய தொழில். பவழத்துக்கு நம்மூரில் எப்போதும் மவுசு, வைரத்துக்கு ஐரோப்பாவில். இரு பக்கமும் லாபம்! ஜார்ஜ் டவுனில் பவழக்காரத் தெரு இன்றும் இருக்கிறது.

இவர்களில் முக்கியமானவர் ஜாக் தெ பாய்வா. கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதியோடு வந்த இவர் 1687இல் காலமானார். அவருடைய மனைவி ஹீரோனிமா பின்னர் ஆளுநர் எலிஹு யேலுடன் வாழ்ந்தார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த அதே யேல்தான்! ஊர் என்ன பேசியிருக்கும் என்பதை ஊகிக்கச் சிரமமில்லை.

1688இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது ஆல்டர்மன்கள் எனப்பட்ட நகர்மன்ற உறுப்பினர்களில் யூத வணிகர்களும் இடம்பெற்றார்கள். 1720களில் பிரேசிலில் வைரம் கிடைத்தது. கோல்கொண்டாவின் மதிப்பு இறங்க, மதராஸ் யூதர்களின் வணிகமும் தேய்ந்தது. தங்க சாலைப் பகுதியில் இருந்த அவர்களுடைய பழைய கல்லறைக் கற்கள் சில, பின்னாளில் லாயிட்ஸ் சாலைக்கு மாற்றப்பட்டன. அவற்றில் எபிரேய எழுத்துகளைக் காணலாம்.