சதுரமா? வட்டமா?

நண்பர்களே, உங்களுக்கு ஒரு கேள்வி! ஒரு பட்டறையில் ஒரு இரும்புத் தகடு, வேறொரு பட்டறையில் இன்னொரு தகடு. இரண்டிலும் துளை போட்டு, ஒன்றின் மேல் ஒன்று வைத்து போல்ட் மாட்டணும். துளையின் அளவு சரியா இருந்தா மட்டும் போதுமா? போதாது. துளை இருக்கும் இடமும் சரியா இருக்கணும்.

ஆனால் எந்த மெஷினாலும் சொன்ன புள்ளியிலேயே துல்லியமாகத் துளை போட முடியாது. அதனால் ‘இவ்வளவு விலகலாம்’ என்று டிராயிங்கிலேயே எழுதிவிடுவார்கள். இதன் பெயர்தான் டாலரன்ஸ்.

பழைய முறையில், இடது ஓரத்திலிருந்து 40 மி.மீ., கீழ் ஓரத்திலிருந்து 30 மி.மீ., இரண்டிலும் 0.1 மி.மீ. கூடலாம், குறையலாம் என்று போடுவார்கள். அப்படியென்றால் துளையின் மையம் 0.2 மி.மீ. பக்கமுள்ள ஒரு குட்டிச் சதுரத்துக்குள் விழணும்.

இப்போ வேடிக்கையைப் பாருங்க. முதல் தகட்டில் மையம் வலப்பக்கம் 0.1, மேலே 0.1 தள்ளியிருக்கு. சதுரத்தின் மூலை, பாஸ்! பித்தாகரஸ் தேற்றப்படி உண்மையான விலகல் 0.141 மி.மீ. இரண்டாவது தகட்டில் வலப்பக்கம் மட்டும் 0.13. சதுரத்துக்கு வெளியே, ஃபெயில்! அதிகம் விலகியது பாஸ், குறைவாக விலகியது பழைய இரும்புக்கு. பாடுபட்டு வேலை செஞ்சவருக்கு இது நியாயமா?

போல்ட் உருண்டை. எந்தத் திசையில் விலகியது என்பது அதற்கு முக்கியமில்லை, எவ்வளவு தூரம் என்பதுதான் முக்கியம். ஆகவே சதுரத்தின் நான்கு மூலைகளையும் தொடும் வட்டத்தை எல்லையாக வைத்தால் போதும். விட்டம் சுமார் 0.28 மி.மீ. பரப்போ 57 சதவீதம் அதிகம்! 6 மி.மீ. போல்ட்டுக்கு 6.3 மி.மீ. துளை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தகடும் எதிரெதிரே 0.14 விலகினாலும் மொத்தம் 0.28தான். இடைவெளி 0.3 இருக்கே, போல்ட் நுழைஞ்சிடும்.

இந்த யோசனைக்கு வித்திட்டவராகச் சொல்லப்படுபவர் ஸ்டான்லி பார்க்கர். ஸ்காட்லாந்தில், கடலுக்கடியில் பாயும் டார்பிடோ குண்டு செய்த தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1940-ல் இதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்.

சரி, எங்கிருந்து அளப்பது? ஆளுக்கொரு ஓரத்திலிருந்து அளந்தால் குழப்பம்தான். அதனால் டிராயிங்கில் ஏ, பி, சி என்று மூன்று முகங்களை வரிசையாகக் குறிப்பார்கள். இவற்றுக்கு டேட்டம் என்று பெயர். தகடு ‘ஏ’ முகத்தில் மூன்று புள்ளியில் உட்காரும் (முக்காலி ஆடாதே, அது மாதிரி!). ‘பி’ முகத்தில் இரண்டு புள்ளி, ‘சி’ முகத்தில் ஒன்று. அப்புறம் தகடு அசையாது. யார் அளந்தாலும் ஒரே விடைதான்.

எனக்குப் பிடித்த சோதனை ஒன்று. கிராப் தாளில் 2 செ.மீ. சதுரம் வரைந்து, அதன் மூலைகளைத் தொடும்படி காம்பஸால் வட்டம் போடுங்க. ஒரு மி.மீ. கட்டங்களை எண்ணுங்க. சதுரத்தில் 400, வட்டத்தில் சுமார் 628. கூடுதலாக வரும் 228 கட்டங்களில் விழும் துளைகளெல்லாம் நல்ல துளைகளே. அவற்றைத் தூக்கிப் போடாமல் காப்பாற்றியது நம்ம பத்தாம் வகுப்புக் கணக்குதான்!

— பன்னிரண்டாம் வகுப்பு, தொழிற்கல்விப் பிரிவு