விளையாட்டைப் படமெடுக்க எந்த பிளாஷ் வாங்கலாம்?

டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா வாங்கி, படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்க்கத் தொடங்கியவர்கள் விரைவில் ஒரு குறையைக் காண்பார்கள். பகலில் எடுத்த படங்கள் பளிச்சென்று இருக்கும். மாலையில் எடுத்த விளையாட்டுப் படங்கள் மட்டும் கலங்கலாக இருக்கும். தனி பிளாஷ் மாட்டினால் சரியாகிவிடும் என்று எண்ணி நானும் கடைக்குச் சென்றேன். இருந்ததில் பெரியதாக, விலை குறைந்ததாக ஒன்றை வாங்கி வந்தேன்.

அந்தப் பொங்கலுக்கு ஊரில் கபடிப் போட்டி. அண்ணன் மகன் முதன்முதலாகப் பெரியவர்கள் அணியில் ஆடினான். இருட்டும் நேரத்தில் பாடிச் சென்றவன் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். நான் தொடர்ந்து நான்கு முறை ஷட்டரை அழுத்தினேன். வீட்டில் கம்ப்யூட்டரில் பார்த்தால், முதல் படத்தில் குறுக்கே ஒரு பட்டை மட்டும் வெளிச்சம், மீதி இருட்டு. அடுத்த மூன்றில் பிளாஷே எரியவில்லை. "சித்தப்பா, போட்டோ வந்துச்சா?" என்று அவன் கேட்டபோது காட்ட ஒன்றும் இல்லை. பிளாஷில் பழுது இல்லை. எதைப் பார்த்து வாங்க வேண்டும், எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பது எனக்குத்தான் தெரியவில்லை. நீங்கள் அப்படி ஏமாறாமல் இருக்கச் சில விஷயங்களை இங்கு பார்க்கலாம்.

1. முதலில் கம்ப்யூட்டரில் பாருங்கள்: கலங்கிய படத்தின் பைலில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுத்து, டீடெய்ல்ஸ் டேபினைத் திறந்திடுங்கள். ஷட்டர் திறந்திருந்த நேரம், லென்ஸின் எஃப் எண், ஐ.எஸ்.ஓ. எல்லாம் அங்கே கிடைக்கும். நேரம் 1/30 நொடி, ஐ.எஸ்.ஓ. 200 என்று இருந்தால், ஐ.எஸ்.ஓ.வை 1600க்கு உயர்த்தினாலே 1/250 நொடியில் எடுக்கலாம். இதற்குச் செலவே இல்லை. இதுவும் போதாத போதுதான் பிளாஷ் பற்றி யோசிக்க வேண்டும்.

2. கைடு நம்பர்: பிளாஷின் வலிமையைக் காட்டும் எண் இது. இதனை லென்ஸின் எஃப் எண்ணால் வகுத்தால், ஐ.எஸ்.ஓ. 100ல் ஒளி எத்தனை மீட்டர் எட்டும் என்பது தெரியும். கேமராவிலேயே உள்ள சிறிய பிளாஷுக்கு இது பெரும்பாலும் 12 அளவில்தான் இருக்கும். எஃப் 5.6 லென்ஸில் இது 2 மீட்டர் சென்றால் அதிகம். தனி பிளாஷ் 58 என்றால் 10 மீட்டர் வரும்.

விளம்பரத்தில் போடும் எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். பிளாஷின் தலையை 105 அல்லது 200 மி.மீ. ஜூமில் வைத்து, ஒளியைக் குறுக்கி அளந்த எண் அது. 35 மி.மீ. நிலையில் எண் நன்றாகக் குறைந்துவிடும். இரண்டு பிளாஷ்களை ஒப்பிடும்போது ஒரே ஜூம் அளவில் ஒப்பிடுங்கள்.

3. ஷட்டர் வேகம்: என் முதல் படத்தில் பட்டை விழுந்தது இதனால்தான். எஸ்.எல்.ஆர். கேமராவில் ஒரு குறிப்பிட்ட வேகத்திற்கு மேல் ஷட்டர் முழுவதுமாகத் திறப்பதில்லை; ஒரு சிறிய இடைவெளியாக நகர்கிறது. பிளாஷ் மின்னும் கணத்தில் அந்த இடைவெளி இருக்கும் பகுதிக்கு மட்டுமே ஒளி கிடைக்கும். ஆரம்பநிலை கேமராக்களில் இந்த எல்லை பெரும்பாலும் 1/200 நொடி. நான் வைத்திருந்தது 1/1000.

ஹை ஸ்பீட் சிங்க் வசதி உள்ள பிளாஷ் இந்த எல்லையைத் தாண்டும். ஆனால் ஒளி எட்டும் தூரம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். நல்ல வெயிலில் இந்த வசதி இல்லாமல் 1/200ல் எடுத்தால் எஃப் 11 வைக்க வேண்டியிருக்கும். 58 எண் உள்ள பிளாஷும் 5 மீட்டர்தான் எட்டும். எனவே பகல் ஆட்டத்தில் தூரத்து வீரருக்கு பிளாஷ் உதவாது. தொப்பி நிழல் விழுந்த முகம், பரிசு வாங்கும் காட்சி போன்றவற்றிற்கு உதவும்.

4. மீண்டும் சார்ஜ் ஆகும் நேரம்: விளையாட்டிற்கு இதுதான் முக்கியம். நான்கு பேட்டரி போட்ட பிளாஷ் முழுச் சக்தியில் ஒரு முறை எரிந்தால், அடுத்ததற்குச் சில நொடிகள் காத்திருக்க வேண்டும். அதற்குள் பாடியவர் கோட்டைத் தொட்டிருப்பார்.

இதற்கு வழி, சக்தியைக் குறைத்து ஐ.எஸ்.ஓ.வை உயர்த்துவது. 58 எண் பிளாஷை 1/8 சக்தியில் வைத்து, ஐ.எஸ்.ஓ.வை 800 ஆக்குங்கள். எஃப் 5.6ல் அதே 10 மீட்டர் எட்டும். ஆனால் பிளாஷ் உடனுக்குடன் தயாராகிவிடும், பேட்டரியும் நீடிக்கும். சக்தி குறையும்போது மின்னும் நேரமும் குறைவதால், இருட்டில் ஓடுபவர் உறைந்து நிற்பது போல் படம் விழும். கபடிக் களத்தின் அகலம் 10 மீட்டர். பக்கக் கோட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளி நின்றால் நடுவில் ஆடுபவர் 8 மீட்டரில் இருப்பார். கணக்கு சரியாக வருகிறதல்லவா? பெரிய கைடு நம்பர் வாங்குவது தூரத்திற்காக மட்டுமல்ல. குறைந்த சக்தியில் வேகமாக வேலை வாங்கவும்தான்.

5. உங்கள் கேமராவில் எரியுமா?: மலிவான மேனுவல் பிளாஷ்கள், ஹாட் ஷூவின் நடுவில் உள்ள புள்ளி வழியாகவே எரிகின்றன. கேனன் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 கேமராக்களில் அந்தப் புள்ளி இல்லை. கேமராவைக் கடைக்கு எடுத்துச் சென்று மாட்டிப் பார்த்து வாங்குங்கள். பிலிம் காலத்துப் பழைய பிளாஷ் சும்மா கிடைத்தாலும் மாட்ட வேண்டாம். சிலவற்றில் 200 வோல்ட்டிற்கு மேல் மின்னழுத்தம் வரும்; டிஜிட்டல் கேமரா கெட்டுவிடும்.

6. எதை வாங்கலாம்?: பணம் குறைவு, மாலை நேர ஆட்டம் மட்டும் என்றால் யாங்நுவோ ஒய்.என். 560 வரிசை, கோடாக்ஸ் டி.டி. 600 போன்ற மேனுவல் பிளாஷ் போதும். வீரர் அருகிலும் தூரத்திலும் மாறி மாறி ஓடும் ஆட்டம் என்றால், ஒளியைத் தானே அளந்து கொள்ளும் டி.டி.எல். வசதி வேண்டும். கோடாக்ஸ் டி.டி. 685 வரிசையில் இதுவும் ஹை ஸ்பீட் சிங்க்கும் உண்டு. கேனன், நிக்கான் என ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனி மாடல் என்பதால் கேட்டு வாங்குங்கள். கூடவே 4 ரீசார்ஜபிள் பேட்டரிகள் இரண்டு செட் வாங்கிக் கொள்ளுங்கள்.

களத்தில் நல்ல மின்விளக்குகள் இருந்தால், பிளாஷுக்குப் பதில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை யோசிக்கலாம். எஃப் 5.6ஐ விட ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை அது உள்ளே விடும். வீரர்களின் கண்ணும் கூசாது. பிளாஷ் என்றால் நடுவரிடம் முன்பே அனுமதி கேட்டுவிடுங்கள்.

அடுத்த பொங்கலில் அண்ணன் மகனை நான்கு படங்கள் எடுத்தேன், மூன்று தேறின. ஆனால் மூன்று பேரைத் தொட்ட அந்த ஆட்டம் இனி வராது. எனவே, பிளாஷ் வாங்கியதும் போட்டிக்கு முந்தைய மாலையே, தெருவில் ஓடும் பிள்ளைகளை நாலைந்து படம் எடுத்து, கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.