பழைய ஆட்டங்களும் என்ஜினின் தீர்ப்பும்

2013ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், நெதர்லாந்தின் கடலோரச் சிற்றூராகிய விக் ஆன் ஜீயில் நடந்த டாட்டா ஸ்டீல் சதுரங்கப் போட்டியில், ஆர்மீனியாவின் லெவோன் அரோனியனுக்கு எதிரே கறுப்புக் காய்களுடன் அமர்ந்த நம் விஸ்வநாதன் ஆனந்த், தமது பதினாறாவது நகர்த்தலாக ஒரு குதிரையை எடுத்து, வெள்ளைச் சிப்பாய்கள் இரண்டில் எதுவும் வெட்டிவிடக்கூடிய இ5 கட்டத்தில் வைத்தார். அந்த நிமிஷத்தில் ஆனந்தின் குதிரைகள் இரண்டும், ஒரு மந்திரியும், ஒரு யானையுமாக நான்கு காய்கள் வெட்டுக்கு இலக்காக நின்றன. ஆனாலும், இன்னும் ஏழே நகர்த்தல்களில் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்தவர் அரோனியன்தான்.

இந்த நிலையை இன்று யாரேனும் தம் கைப்பேசியில் ஸ்டாக்ஃபிஷ் என்ற என்ஜினுக்குக் கொடுத்தால், கறுப்புக்கே அனுகூலம் என்று அது மறுகணமே ஓர் எண்ணால் சொல்லிவிடும். 2008இல் முதன்முதலாக வெளியாகி, அன்றுமுதல் எவரும் காசின்றிப் பெறக்கூடியதாக இருந்துவரும் இந்த மென்பொருள் அந்த எண்ணை அடையும் விதம் இதுதான்: இந்த நகர்த்தலுக்கு என்ன பதில், அந்தப் பதிலுக்கு என்ன மறுபதில் என்று கிளைகிளையாக விரித்துக்கொண்டே போய், பயனற்ற கிளைகளை அவ்வப்போது கழித்துவிட்டு, எஞ்சிய கிளைகளின் நுனியில் உருவாகும் நிலைகளுக்கு மதிப்புப் போடுகிறது. மதிப்புப் போடும் அந்த வேலையை முன்பு மனிதர் எழுதிவைத்த விதிகள் செய்தன. 2020ஆம் ஆண்டுமுதல், கோடிக்கணக்கான நிலைகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட நரம்பு வலைப்பின்னல் ஒன்று செய்துவருகிறது. முன்னெல்லாம் ஒரு சிப்பாய்க்குச் சமமான லாபம் என்றே என்ஜின் காட்டும் ‘+1’ என்ற எண்ணுக்குப் பொருள் கொண்டார்கள். 2022இன் இறுதியில் வெளியான பதிப்பிலிருந்து, என்ஜின் தன்னோடு தானே ஆடினால் அந்த நிலையிலிருந்து வெல்வதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்பதே அதற்குப் பொருள்.

ஆனால், காரணம் அந்த எண்ணுக்குள் இல்லை. அரோனியனின் எஃப்4 சிப்பாய் அக்குதிரையை வெட்டியிருந்தால் என்னவாகும் என்பதைப் பலகையில் நகர்த்திப் பார்க்க வேண்டும். ஆனந்தின் ராணி டி4இல் இருக்கும் சிப்பாயை வெட்டி ராஜாவுக்குச் செக் கொடுக்கும். ராஜா மூலைக்கு ஒதுங்கும். உடனே ராணி தன்னையே பலியாக ஜி1இல் போய் நிற்கும். அதற்குப் பின்னால் மந்திரியின் காவல் இருப்பதால் ராஜா அதைத் தொட முடியாது. யானைதான் வெட்டியாக வேண்டும். வெட்டிய மறுகணம் மற்றக் குதிரை எஃப்2இல் குதித்தால், சொந்தக் காய்களே நாற்புறமும் அடைத்து நிற்க, வெள்ளை ராஜாவுக்குச் செக்மேட். சி2இல் இருந்த வெள்ளை ராணி அந்தக் குதிரையை வெட்டியிருக்கலாமே என்று கேட்டால், அங்கேதான் இந்த ஆட்டத்தின் உயிர்நிலை இருக்கிறது: அரோனியன் சற்று முன்னர் இ2க்கு நகர்த்திய மந்திரி, அவருடைய ராணியின் வழியையே மறித்துக்கொண்டு நிற்கிறது! என்ஜின் இந்த வரிசையை அப்படியே திரையில் காட்டும். மந்திரி வழிமறித்தது என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் அது சொல்வதில்லை. அந்த வாக்கியத்தைத் தானே கண்டுபிடித்துச் சொல்லிக்கொள்ளாத மாணவன், ஆட்டத்தைப் பார்த்தானேயன்றிக் கற்றானில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்த வழி, 2012இல் போரிஸ் கெல்ஃபாண்டுடன் ஆடிய உலகப் பட்டப் போட்டிக்காகத் தாம் முன்கூட்டியே ஆராய்ந்துவைத்த ஒன்று என்று ஆனந்தே சொல்லியிருக்கிறார். அத்தகைய ஆராய்ச்சியில் என்ஜினுக்கும் பங்கு உண்டு என்பது இக்காலத்துச் சதுரங்கத்தில் யாரும் மறைக்காத விஷயம். ஆனால் என்ஜின் என்ற பேச்சே இல்லாத 1907இல், போலந்தின் லோட்ஸ் நகரில் ரோட்லெவி என்பவருக்கு எதிராக அகிபா ரூபின்ஸ்டீன், ராணியை வெட்டுக்கு விட்டு, ஒரு யானையால் குதிரையை வெட்டி, மற்ற யானையையும் பலிபீடத்தில் நிறுத்தி, இரண்டு மந்திரிகளின் குறுக்குப் பார்வையின் துணையோடு ராஜாவை வீழ்த்திய ஆட்டம் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனந்தின் வெற்றியைக் கண்ட சதுரங்க அறிஞர்களுக்கு முதலில் ஞாபகம் வந்தது அதுதான். நூறாண்டுகளுக்குப் பிறகு என்ஜினின் நிர்தாட்சண்யமான பரீட்சைக்கு உட்பட்டும் ரூபின்ஸ்டீனின் அந்தப் பலி பழுதற்று நிற்பதை எண்ணும்போது உள்ளம் சிலிர்க்கிறது.

எல்லா ஆட்டங்களும் அப்படித் தேறிவிடுவதில்லை. தேறாதவற்றைப் பற்றிப் பேசும்போது நிதானம் வேண்டும். 2024 டிசம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில், உலகப் பட்டப் போட்டியின் பதினான்காவது ஆட்டத்தில், சீனாவின் டிங் லிரன் தமது 55ஆவது நகர்த்தலில் யானையை எஃப்2க்குக் கொண்டுவந்தபோது, என்ஜினைத் திறந்துவைத்திருந்த அனைவரும் அது பெரும்பிழை என்று அக்கணமே அறிந்தார்கள். எதிரே இருந்த நம் குகேஷோ, முதலில் அதைத் தாம் உணரவில்லை என்றும், வேறொரு நகர்த்தலைச் செய்ய இருந்ததாகவும் பின்னர் சொன்னார். யானைகளை மாற்றிக்கொண்டால் மூலையில் கிடக்கும் வெள்ளை மந்திரிக்கும் தப்ப வழியில்லை, அதுவும் மாறிவிடும், மிச்சம் சிப்பாய்களின் கணக்குத்தான் என்பதைச் சில விநாடிகளில் அவர் தாமாகவே கண்டதனால்தான் பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன் ஆனார். திரையில் எண் சரிந்ததைப் பார்த்து டிங்கை எள்ளியவர்கள், அந்த எண்ணை மறைத்துவிட்டு அதே நிலையில் தாமே அமர்ந்து பார்ப்பது நியாயம். 2006இல் மடேய் குயிட், இவான் பிராட்கோ என்ற இரு ஸ்லோவேனிய ஆராய்ச்சியாளர்கள், கிராஃப்டி என்ற என்ஜினால் உலகச் சாம்பியன்களின் ஆட்டங்களை அளந்து, காபாபிளாங்காவே மிகக் குறைவாகப் பிழை செய்தவர் என்று கண்டார்கள். அவர் விரும்பி ஆடியவை தெளிந்த, சிக்கல் குறைந்த நிலைகள் என்பதையும் சேர்த்தே அந்த முடிவை வாசிக்க வேண்டும்.

இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்துப் பிள்ளை ஒருவனுக்கு அரை நூற்றாண்டுக்கு முன் சதுரங்க ஞானம் வேண்டியிருந்தால், பாம்பன் பாலத்தைத் தாண்டி, இரவு முழுவதும் ரயிலில் சென்று, சென்னையில் மானுவேல் ஆரோன் போன்றோர் சோவியத் கலாசார மையத்தில் வளர்த்த தால் சதுரங்கக் கழகத்தின் வாசலில்தான் நின்றிருக்க வேண்டும். இன்று உலகச் சாம்பியனையும் தோற்கடிக்கும் வல்லமை அவன் சட்டைப்பையிலேயே இருக்கிறது. அவன் செய்ய வேண்டியது இவ்வளவே: காய்களை மரப்பலகையிலோ அட்டையிலோ அடுக்கி, ஆட்டத்தின் திருப்பம் வரும் இடத்தில் நிறுத்தி, தன் நகர்த்தலையும் அதற்கான காரணத்தையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டு, அதன் பிறகே என்ஜினைத் திறக்க வேண்டும். அதன் பதில் தன் பதிலிலிருந்து வேறுபட்டால், தன் நகர்த்தலையே அதற்குக் கொடுத்து, அது எப்படித் தண்டிக்கிறது என்று கடைசிவரை போய்ப் பார்க்க வேண்டும்.

எந்த ஆட்டத்தில் தொடங்குவது என்று அவன் கேட்டால், 1962இல் ஸ்டாக்ஹோமில் நடந்த, உலகப் பட்டத்துக்கான தகுதிச் சுற்றாகிய இன்டர்ஸோனல் போட்டியைச் சொல்வேன். இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டராகிய ஆரோன் அங்கே கடைசி ஸ்தானத்தையே பெற்றார். ஆயினும் ஹங்கேரியின் போர்டிஷ், ஜெர்மனியின் ஊல்மன் என்ற இரு கிராண்ட்மாஸ்டர்களை வென்றார். அந்த இரண்டு ஆட்டங்களையும் அவன் முதலில் அடுக்கிப் பார்க்கட்டும்.