பெயர் வைத்தவர் பெற்றோர்! பெயர் எடுத்தவர் பிள்ளை!

உங்கள் தெருவில் எத்தனை முருகன் இருக்கிறார்கள்? எத்தனை லட்சுமி இருக்கிறார்கள்? எண்ணிப் பாருங்கள்!

ஒருவர் "நெட்டை முருகன்" ஆவார். இன்னொருவர் "கடைக்கார முருகன்" ஆவார். பள்ளிக்கூடத்தில் என்றால், தகப்பனார் பெயரின் முதல் எழுத்து கை கொடுக்கும்.

உலகப் புகழ் பெற்றவர்களுக்கும் இந்தப் பெயர்க் குழப்பம் உண்டு. ஒருவர் கலைஞர், மற்றவர் விளையாட்டு வீரர். இருவருக்கும் பெயர் ஒன்றே! அப்படிச் சிலரை இங்கே பார்ப்போம்.

பாட்டுக்காரர் பெயர், பந்தாட்டக்காரருக்கு

சச்சின் தெண்டுல்கரைத் தெரியாதவர் உண்டா? "சச்சின்" என்ற பெயர் அவருக்கு எப்படி வந்தது தெரியுமா?

அவருடைய தந்தை ரமேஷ் தெண்டுல்கர் மராத்திக் கவிஞர். இசைப் பிரியர். இந்திப் பட இசை அமைப்பாளர் சச்சின் தேவ் பர்மன் என்றால் அவருக்கு உயிர். 1973-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி பம்பாயில் மகன் பிறந்தான். அந்த இசை மேதையின் பெயரையே மகனுக்கு வைத்து விட்டார்!

பெரிய சச்சின் லேசுப்பட்டவர் அல்ல. திரிபுரா ராஜ குடும்பத்தில் பிறந்தவர். அரண்மனை வாழ்வை விட்டு, இசையைத் தேடிப் போனவர். "பியாசா", "கைடு", "ஆராதனா" ஆகிய படங்களுக்கு இசை அமைத்தவர் அவரே. "ஆராதனா" தமிழ்நாட்டிலும் சக்கைப்போடு போட்டது. பிறகு அந்தக் கதைதான் சிவாஜி கணேசன் நடித்து, "சிவகாமியின் செல்வன்" என்று தமிழில் வந்தது.

1975-ம் ஆண்டு பர்மன் காலமானார். அப்போது சின்னச் சச்சினுக்கு வயது 2. தன் பெயரைத் தாங்கிய ஒரு குழந்தை அதே ஊரில் தவழ்ந்து கொண்டிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

கண்ணீரோடு ஒரு சதம்

1999-ம் ஆண்டு மே மாதம். இங்கிலாந்தில் உலகக் கோப்பைப் போட்டி நடந்து கொண்டிருந்தது. தந்தை இறந்து விட்டார் என்ற செய்தி இடி போல வந்தது. சச்சின் ஊருக்குப் பறந்தார். தந்தைக்கு இறுதிக் கடன் செய்தார்.

"நீ திரும்பிப் போய் விளையாடு" என்று தாயே அனுப்பி வைத்தார்.

சச்சின் இங்கிலாந்து திரும்பினார். பிரிஸ்டல் நகரில் கென்யாவுடன் ஆட்டம். ஆட்டம் இழக்காமல் 140 ரன் குவித்தார்! சதம் அடித்ததும் மட்டையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார். கண்கள் கலங்கி இருந்தன. அந்தச் சதம், பெயர் வைத்த தகப்பனாருக்குக் காணிக்கை!

2013-ம் ஆண்டு ஓய்வு பெறும்போது அவர் அடித்திருந்த சர்வதேசச் சதங்கள் மொத்தம் 100.

ஒரே ஆண்டில் இரண்டு கோபிசந்த்!

அடுத்தது ஆந்திர தேசத்து வேடிக்கை.

2001-ம் ஆண்டு மார்ச் மாதம் புல்லேலா கோபிசந்த் ஆல் இங்கிலாந்து இறகுப்பந்து பட்டத்தை வென்றார். 1980-ல் பிரகாஷ் படுகோனே வென்ற பிறகு, அந்தப் பட்டத்தைப் பிடித்த இந்தியர் இவர்தான். முழங்காலில் அறுவை சிகிச்சைகள் செய்து கொண்ட பிறகு கிடைத்த வெற்றி இது!

அதே 2001-ல் இன்னொரு கோபிசந்த் தெலுங்குப் படத்தில் கதாநாயகனாக அறிமுகம் ஆனார். இயக்குனர் டி.கிருஷ்ணாவின் மகன். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். "ஜெயம்" படத்தில் வில்லனாக மிரட்டினாரே, அவரேதான்! தெலுங்கிலும் அவர், 2003-ல் வந்த தமிழிலும் அவர். அந்தப் படத்தால்தான் கதாநாயகன் ரவி, "ஜெயம் ரவி" ஆனார். படமே ஒருவருக்குப் பெயர் கொடுத்தது!

பந்தாட்டக் கோபிசந்த் பட்டத்தோடு நிற்கவில்லை. ஐதராபாத்தில் பயிற்சிக் கூடம் கட்ட விரும்பினார். பணம் போதவில்லை. குடும்ப வீட்டையே அடமானம் வைத்தார்! அவரிடம் பயின்ற சாய்னா நேவால், 2012 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். பி.வி.சிந்து, 2016-ல் வெள்ளி வென்றார்.

நடிகர் பெயர், கால்பந்து வீரருக்கு

கால்பந்து வீரர் கிறிஸ்டியானோ ரொனால்டோ, போர்ச்சுகல் நாட்டின் மதீரா தீவில் 1985-ல் பிறந்தவர். தந்தை தோட்டக்காரர். ஏழைக் குடும்பம். அந்தத் தந்தைக்குப் பிடித்த சினிமா நடிகர், ரொனால்ட் ரீகன். ஆம்! பிறகு அமெரிக்க ஜனாதிபதி ஆனாரே, அந்த ரீகன்தான். அவர் பெயரே மகனுக்கு வந்தது.

கேலி செய்தார்கள், சாதித்துக் காட்டினார்!

புகழ் பெற்றவர் பெயரைச் சுமப்பது எளிதா? இல்லை. அமெரிக்க நடிகர் மைக்கேல் பி.ஜோர்டானைக் கேளுங்கள்.

கூடைப்பந்து மன்னர் மைக்கேல் ஜோர்டான் 1963-ல் பிறந்தவர். சிகாகோ புல்ஸ் அணிக்கு 6 முறை பட்டம் வாங்கித் தந்தவர். நடிகர் ஜோர்டான் 1987-ல் பிறந்தவர். இவருக்கு இந்தப் பெயர் வந்தது கூடைப்பந்து மன்னரால் அல்ல. இவருடைய தந்தையின் பெயரும் மைக்கேல் ஜோர்டான்!

ஆனால் மற்ற பிள்ளைகள் விடுவார்களா? நூவர்க் நகரில் சிறுவன் ஜோர்டான் கூடைப்பந்து ஆடப் போனால் ஒரே கேலி. பெயரையே மாற்றி விடலாமா என்றுகூட எண்ணினாராம். ஆனால் மாற்றவில்லை. "நானும் ஏதாவது ஒன்றில் பெரிய ஆள் ஆக வேண்டும்" என்ற வெறி பிறந்தது. அந்தக் கேலியே தன்னை வளர்த்தது என்று பின்னாளில் அவரே சொன்னார்.

2015-ல் "கிரீட்" படத்தில் குத்துச்சண்டை வீரராக நடித்துப் புகழ் அடைந்தார். 2025-ல் வந்த "சின்னர்ஸ்" படத்தில் இரட்டை வேடம்!

ஒரு வேடிக்கை கேளுங்கள். 1996-ல் வீரர் ஜோர்டான் "ஸ்பேஸ் ஜாம்" என்ற படத்தில் நடித்தார். அதன் அடுத்த படம் 2021-ல் வந்தது. அதில் கார்ட்டூன் பாத்திரங்கள் ஆட்டத்தில் தோற்கும் நிலை. "மைக்கேல் ஜோர்டான் கிடைத்து விட்டார்!" என்று ஆரவாரம் செய்கின்றன. கதவு திறக்கிறது. வந்து நிற்பவர், நடிகர் ஜோர்டான்! தியேட்டரில் ஒரே சிரிப்பு. சிறு வயதில் அழ வைத்த பெயர், பிற்காலத்தில் கைதட்டல் வாங்கித் தந்தது.

பெயர் வைப்பது வேறு; பெயர் எடுப்பது வேறு. முதலாவது பெற்றோர் வேலை. இரண்டாவது பிள்ளைகள் வேலை. உங்கள் வீட்டிலும் ஒரு சச்சினோ, ஒரு சிந்துவோ இருக்கலாம். பெயரைச் சொல்லிக் கேலி செய்யாதீர்கள். "நீயும் பெயர் எடு" என்று தட்டிக் கொடுங்கள்!